தரைத்தளத்துக் கணக்குகளுக்கு ஒரு பெட்டி: சினாலஜி டி.எஸ்.224+

அலுவலகக் கணினிகளில் உள்ளதை நெட்வொர்க் வழியாக நகலெடுத்து (பேக்கப்) வைத்துக்கொள்ளும் சேமிப்புப் பெட்டியான சினாலஜி டி.எஸ்.224+ எங்கள் அலுவலகத்துக்கு வந்து ஒரு சூறாவளிக் காலம் முழுதாகக் கழிந்துவிட்டது. நல்ல பெட்டி, வாங்கலாம். ஆனால் மொரீஷியசில் வியாபாரம் செய்கிறவர் இந்தப் பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்ததோடு பேரிடருக்குத் தயாராகிவிட்டதாக நினைத்தால், அவர் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார். நகல் எங்கே இருக்கிறது, அதிலிருந்து யாராவது ஒரு முறையாவது திரும்ப எடுத்துப் பார்த்தார்களா என்ற கேள்விகளுக்குப் பெட்டியோடு வரும் கையேட்டில் விடை இல்லை. ஆகவே இந்த விமர்சனத்தில் பெட்டியைப் பற்றிப் பாதியும் எங்கள் தீவைப் பற்றிப் பாதியும் இருக்கும்.

போர்ட் லூயிசில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். பித்தளை விளக்கு, வேல், கற்பூரம், வேட்டி, புடவை, மசாலா எல்லாம் இந்தியாவிலிருந்து கன்டெய்னரில் வரும். தீவு முழுவதும் உள்ள கடைகளுக்கும் கோவில்களுக்கும் போகும். நான் கணினிப் பொறியாளர் அல்ல. ஆனால் கணினி செத்துப்போன நாளில் வாடிக்கையாளருக்கும் வரி அலுவலகத்துக்கும் பதில் சொல்ல உட்காருவது கணக்காளர்தான், பொறியாளர் அல்ல. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முன்பு எங்களுக்கு வேறோர் ஏற்பாடு இருந்தது. ஒரு நிறுவனம் மாதச் சந்தா வாங்கிக்கொண்டு தினமும் பேக்கப் எடுத்து, 'வெளியிடத்தில்' வைத்துப் பாதுகாப்பதாக ஒப்பந்தம். அதன் பெயர் வேண்டாம். 2024 ஜனவரி 15, திங்கட்கிழமை, பெலால் சூறாவளி தீவை நெருங்கியபோது நகரத்துக்கு வேலைக்கு வந்தவர்கள் பாதியில் வீடு திரும்ப வேண்டியிருந்தது. போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துப் போனதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் தரைத்தளத்தில் மேசை இழுப்பறை வரை தண்ணீர். தைப்பூசக் காவடியோ ஜனவரி 25. எங்களுக்கு ஆண்டின் மிகப் பெரிய வியாபாரம் அந்தப் பத்து நாளில்தான் நடக்கும்.

பேக்கப் நிறுவனத்தைக் கூப்பிட்டால் தொலைபேசி எடுக்க ஆளில்லை. விசாரித்ததில் அவர்களுடைய 'வெளியிடம்' எங்கள் கடையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், இதே போர்ட் லூயிசில் இருந்தது. அங்கேயும் மின்சாரம் இல்லை. ஒருவழியாக ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். விளக்குகளின் புகைப்படங்கள் எல்லாம் பத்திரம். கணக்குக் கோப்பு மட்டும் முந்தைய தீபாவளிக்கு முன்பே நின்றுவிட்டிருந்தது.

காரணம் எளிமையானது, பல அலுவலகங்களில் இன்றும் இருக்கக்கூடியது. கணக்கு மென்பொருள் தன் தரவுக் கோப்பைத் திறந்தே வைத்திருக்கும். சாதாரணமாகக் கோப்புகளை நகலெடுக்கும் நிரல், திறந்திருக்கும் கோப்பைத் தொட முடியாமல் தாண்டிப் போய்விடும். 'எச்சரிக்கைகளுடன் முடிந்தது' என்று ஒவ்வோர் இரவும் ஒரு மின்னஞ்சல் போயிருக்கிறது, அவர்களுடைய பெட்டிக்கே. யாரும் திறந்து பார்க்கவில்லை.

கோவில் நிர்வாகிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, போன மாதம் என்ன ஆர்டர் கொடுத்தீர்கள் என்று கேட்டு வாட்ஸாப்பில் இருந்து பட்டியலை மீண்டும் கட்டினோம். எங்கள் முதலாளி கிரியோலில் ஒன்று சொன்னார்: "மதாம், காகிதத்தில் எழுதியிருந்தால் காயவாவது போட்டிருக்கலாம்." நனைந்த பில் புத்தகங்களை உண்மையிலேயே மாடியில் காயப்போட்டிருந்தோம். அவையும் உதவின.

பிறகுதான் இந்தப் பெட்டி வந்தது. டி.எஸ்.224+ இரண்டு ஹார்டு டிஸ்க் பொருத்தும் அளவில், ஒரு தடித்த அகராதி போல் இருக்கும். உள்ளே இன்டெல் செலரான் ஜே4125 செயலி, 2 ஜி.பி. நினைவகம், 6 ஜி.பி. வரை கூட்டலாம். அமெரிக்காவில் அறிமுக விலை 300 டாலர் அளவில் இருந்தது, அதுவும் டிஸ்க் இல்லாமல். கப்பல் கட்டணமும் கடைக்காரர் லாபமும் சேர்ந்து இங்கே என்ன விலைக்கு வரும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிஸ்க் வாங்கும்போது ஒரு கவனம். வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'ரெட்' வரிசையும் 'ரெட் பிளஸ்' வரிசையும் ஒன்றல்ல. 2 முதல் 6 டி.பி. வரையிலான வெறும் 'ரெட்' டிஸ்க்குகளில் தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் முறை இருப்பது 2020இல் வெளிவந்து பெரிய சண்டையானது. இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு அது பொருந்தாது. 'பிளஸ்' அல்லது சீகேட்டின் 'ஐயர்ன்வுல்ஃப்' கேட்டு வாங்குங்கள்.

இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவல் இருக்கும்படி அமைப்பதுதான் வழக்கம். ஒன்று பழுதானால் மற்றது வேலை செய்யும். இதைக் காட்டி 'ஏற்கெனவே இரண்டு நகல் இருக்கிறதே' என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். தலையாட்டாதீர்கள். ஒரு ஊழியர் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் அந்த நொடியே இரண்டு டிஸ்க்கிலும் அது போய்விடும். வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்தே மூழ்கும்.

பெட்டியின் உண்மையான மதிப்பு அதோடு இலவசமாக வரும் மென்பொருளில்தான் இருக்கிறது. 'ஆக்டிவ் பேக்கப் ஃபார் பிசினஸ்' என்று ஒன்று. உரிமக் கட்டணம் கிடையாது. சினாலஜி கணக்கு ஒன்றை வைத்து ஒரு முறை செயல்படுத்தினால் போதும். கணக்குக் கணினியில் ஒரு சிறு நிரலை நிறுவிவிட்டால், விண்டோஸிலேயே உள்ள நிழல் நகல் வசதியைப் பயன்படுத்தி, கோப்பு திறந்திருந்தாலும் அந்தக் கணத்தில் இருந்தபடி முழுக் கணினியையும் படியெடுத்துக்கொள்கிறது. பழைய நிறுவனத்திடம் நாங்கள் பட்ட பாட்டுக்கு நேரடி மருந்து இதுதான். முதல் முறைக்குப் பிறகு மாறிய பகுதிகளை மட்டுமே எடுப்பதால் இரவு வேலை சட்டென்று முடிகிறது.

திரும்ப எடுக்கும் வேலையை நாங்கள் மூழ்காத ஒரு நாளிலேயே செய்து பார்த்தோம். ரோஸ்ஹில்லில் இருந்து வரும் கணினிப் பையன் கிடங்கில் கிடந்த ஒரு பழைய கணினியைத் தூசி தட்டி எடுத்தான். சினாலஜியின் மீட்பு நிரலை யு.எஸ்.பி. குச்சியில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, பெட்டியில் இருந்த படியை அதில் இறக்கினான். அந்தக் கணினியின் நெட்வொர்க் அட்டையை இயக்கும் டிரைவர் நிரல் இல்லாமல் முதலில் பெட்டியையே கண்டுபிடிக்க முடியவில்லை. டிரைவரைச் சேர்த்து யு.எஸ்.பி. குச்சியை மறுபடி தயார் செய்த பிறகு ஓடியது. மதியச் சாப்பாடு முடிந்து வந்தபோது என் கணினி, திரையில் அதே பிள்ளையார் படத்தோடு, வேறோர் உடம்பில் எழுந்து நின்றது.

அத்தோடு முடிந்ததா? கணக்கு மென்பொருள் 'இது புதிய கணினி, பதிவு எண் கொடுங்கள்' என்று மறித்தது. விண்டோஸும் தன் பங்குக்கு உரிமத்தைக் கேட்டது. பதிவு எண் எங்கே? பழைய மின்னஞ்சலில். மின்னஞ்சலின் கடவுச்சொல்? அதே கணினியில் சேமித்து வைத்தது. இந்தச் சங்கிலியை வெள்ளத்தின் நடுவில் அவிழ்க்க நேர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! உரிம எண்கள், கணக்குகள், கூப்பிட வேண்டிய எண்கள், எந்தக் கணினியை முதலில் எழுப்புவது என்ற வரிசை எல்லாவற்றையும் இரண்டு பக்கத் தாளில் அச்சிட்டு, ஒன்று முதலாளி வீட்டிலும் ஒன்று என் வீட்டிலும் இருக்கிறது. பேரிடர் மீட்புத் திட்டம் என்று ஆலோசகர்கள் தடித்த கோப்பாக விற்பதில் எங்கள் அளவு கடைக்குத் தேவையானது இந்த இரண்டு பக்கம்தான். அதில் முக்கியமான இரண்டு வரிகளை எந்தப் பொறியாளரும் எழுத முடியாது, முதலாளிதான் எழுத வேண்டும்: எவ்வளவு நேரத்து வேலையை இழந்தால் தாங்குவோம், எவ்வளவு நேரம் கடை முடங்கினால் தாங்குவோம். எங்கள் முதலாளி முதலில் "எதையும் இழக்கக் கூடாது" என்றார். அதற்கு ஆகும் செலவைச் சொன்னதும் சாதாரண நாளில் ஒரு நாள், காவடிக்கு முந்தைய வாரங்களில் ஒரு மணி நேரம் என்று இறங்கி வந்தார். பெட்டியின் நேர அட்டவணையை அதற்கேற்ப மாற்றினோம்.

இனி இடம். முதலாளி சொன்ன யோசனை, இரண்டாவது பெட்டி ஒன்று வாங்கி அவருடைய மகன் வீட்டில், கியூர்பிப்பில் வைப்பது. மேட்டு நிலம், போர்ட் லூயிஸ் வெள்ளம் அங்கே ஏறாது. தவறான யோசனை அல்ல. 2013 மார்ச் 30 அன்று எந்தச் சூறாவளியும் இல்லாமல் கொட்டிய மழையிலேயே இந்த நகரத்தில் 11 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட நாளுக்கு கியூர்பிப் போதும். ஆனால் மொத்தத் தீவே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளம், 45 கிலோமீட்டர் அகலம். 1975இல் ஜெர்வெஸ் சூறாவளி வந்தபோது காற்று மணிக்கு 280 கிலோமீட்டர் வரை வீசியது, 1960இல் கேரல். அந்த அளவுக் காற்றுக்கு போர்ட் லூயிஸ் என்ன, கியூர்பிப் என்ன? பக்கத்துத் தீவு ரியூனியனும் தப்பாது. பெலால் அதே நாளில் அங்கேயும் அடித்தது. எனவே ஒரு நகல் இந்தக் கடல் பகுதியை விட்டே வெளியே இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

அதற்கு 'ஹைப்பர் பேக்கப்' என்ற இன்னொரு மென்பொருள் பெட்டியிலேயே இருக்கிறது. சினாலஜியின் சொந்த கிளவுட் சேவையான சி2வுக்கு அனுப்பலாம். அமேசானின் கிளவுட் சேமிப்பு முறையான எஸ்3ஐப் புரிந்துகொள்ளும் மற்ற கிளவுட்களுக்கும் அனுப்பலாம். அமேசானுக்கு 2020 முதல் கேப் டவுனில் தரவு மையம் இருக்கிறது, மைக்ரோசாஃப்டுக்கு 2019 முதல் ஜோகன்னஸ்பர்கில். நாங்கள் சி2வின் ஃபிராங்க்ஃபர்ட் மையத்தை எடுத்தோம். காரணம் தூரம் மட்டும் அல்ல. ஊழியர்களின் அடையாள எண்ணும் சம்பளமும் அந்தக் கோப்புகளில் இருக்கின்றன. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஐரோப்பியச் சட்டத்தின் வழியில் எழுதப்பட்டது என்பதால் அங்கே அனுப்புவதை விளக்குவது எளிது. தவிர, இங்கிருந்து கிளம்பும்போதே எல்லாம் பூட்டப்பட்டுத்தான் போகிறது.

அந்தப் பூட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மறையாக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கடவுச்சொல் கேட்கும், ஒரு சாவிக் கோப்பையும் இறக்கிக் கொடுக்கும். இரண்டும் தொலைந்தால் சினாலஜிக்காரர்களாலும் திறக்க முடியாது. சாவிக் கோப்பை அந்தப் பெட்டியிலேயே போட்டு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று ரோஸ்ஹில் பையன் சொன்னான். எங்கள் சாவி ஒரு யு.எஸ்.பி. குச்சியில், இரண்டு பக்கத் தாளோடு சேர்ந்து, முதலாளியின் தாயார் நகை வைக்கும் பீரோவில் இருக்கிறது. அந்த அம்மாள் அதை என்னவென்றே கேட்காமல் வாங்கி, பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தார்.

முதல் முறை அனுப்புவதற்குப் பொறுமை வேண்டும். 400 ஜி.பி. தரவை நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஏற்றினால் இரவும் பகலும் சேர்த்து 4 நாள் அளவுக்கு ஆகும். நம் ஃபைபர் இணைப்புகளில் இறக்கும் வேகத்தைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். ஏற்றும் வேகத்தைக் கேட்டு வாங்குங்கள். பகலில் வேகத்தைக் கட்டுப்படுத்தி இரவில் அவிழ்த்துவிடும் வசதி இருப்பதால் எங்கள் கடையில் யாரும் இணையம் மெதுவாக இருப்பதாகக் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு மாற்றங்கள் மட்டும் போகின்றன, காலையில் பார்த்தால் முடிந்திருக்கும். பெட்டியே வெள்ளத்தில் போய்விட்டாலும், ஹைப்பர் பேக்கப் எக்ஸ்ப்ளோரர் என்ற நிரலை எந்தக் கணினியிலாவது போட்டு, சாவியைக் கொடுத்து, வேண்டிய கோப்பை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். பேக்கப் சொல்லும் இடத்திலெல்லாம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உன் பெட்டி இல்லாமல் என் கோப்பு எனக்குக் கிடைக்குமா? பலரிடம் பதில் இல்லை, இதில் இருக்கிறது.

வெளியே அனுப்பும் வழி கடலடிக் கேபிள்தான் என்பதையும் மறக்கக் கூடாது. 2002இன் 'சேஃப்', 2021இன் 'மெட்டிஸ்' என்று இப்போது பல கேபிள்கள் தீவுக்கு வருகின்றன, முன்னைப்போல் ஒற்றைக் கயிற்றில் தொங்கவில்லை. ஆனாலும் சூறாவளிக்குப் பிந்தைய வாரத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்து எல்லாவற்றையும் இறக்குவேன் என்று நம்புவது பேராசை. அதனால் மூன்றாவதாக ஒரு சாதாரண யு.எஸ்.பி. டிஸ்க்கும் உண்டு. இங்கே சூறாவளி நெருங்க நெருங்க எச்சரிக்கை எண் கூடும். முதலாம் எண் எச்சரிக்கை வந்ததும் அதில் ஒரு நகல் எடுக்கிறோம். இரண்டாம் எண்ணுக்குள் அது கியூர்பிப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மூன்றாம் எண் வந்தால் நாங்கள் கடையில் இருக்கவே கூடாது. வெறும் மழைக்கு எண் எதுவும் வராது என்பதால் பலத்த மழை அறிவிப்பு என்றாலே டிஸ்க் கிளம்பிவிடும். கிடங்கில் வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி இப்போதெல்லாம் மேகம் கறுத்தாலே "அக்கா, டிஸ்க்கை எடுக்கட்டுமா?" என்று கேட்கிறான். அந்த டிஸ்க் மற்ற நாளில் பெட்டியோடு இணைந்திருக்காது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்தால் இணைந்திருப்பதை எல்லாம் பூட்டிவிடும்.

ரேன்சம்வேர் என்றால், இந்தப் பெட்டிகளும் அதற்கு விலக்கல்ல. 2014இல் 'சினோலாக்கர்' என்று ஒன்று, புதுப்பிக்கப்படாமல் இணையத்தில் திறந்து கிடந்த சினாலஜி பெட்டிகளையே குறிவைத்துப் பூட்டியது. வீட்டிலிருந்து பார்க்க வசதியாக இருக்கும் என்று பெட்டியை இணையத்துக்குத் திறந்துவிடுமாறு யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். எங்கள் பெட்டிக்கு வெளியிலிருந்து வழியே இல்லை. உள்ளே நுழையவும் கடவுச்சொல்லோடு தொலைபேசியில் வரும் எண் வேண்டும். காசாளருக்கு இது எரிச்சல். ஆனால் அழிந்த கோப்பை, பெட்டி அவ்வப்போது பதிந்துவைக்கும் பழைய நிலையான ஸ்நாப்ஷாட்டிலிருந்து தானே ஒரு நிமிடத்தில் மீட்டதிலிருந்து அவர் பெட்டியோடு சமாதானமாகிவிட்டார். திரையை பிரெஞ்சு மொழியில் வைத்துக்கொள்ள முடிவதும் அவருக்கு வசதி. தமிழில் பெயரிட்ட கோப்புகள் எழுத்து சிதையாமல் போய்த் திரும்புகின்றன. கோவில் பட்டியல்கள் எல்லாம் தமிழில்தான் இருக்கின்றன என்பதால் எனக்கு அது பெரிய நிம்மதி.

குறைகளும் உண்டு. 2 ஜி.பி. நினைவகம் கஞ்சத்தனம், இரண்டு மூன்று வேலை ஒன்றாக ஓடினால் திரை தயங்குகிறது, வாங்கும்போதே கூட்டிவிடுங்கள். டிஸ்க் ஓடும் சத்தம் அமைதியான அறையில் நன்றாகக் கேட்கும். மேலும் யு.பி.எஸ். ஒன்றைத் தனியாக வாங்கியே ஆக வேண்டும், அதுவும் யு.எஸ்.பி. வயர் இருக்கிற ரகமாக. மின்சாரம் போனதும் யு.பி.எஸ். செய்தி சொல்ல, பெட்டி எழுதுவதை நிறுத்தித் தன்னைப் பாதுகாப்பாக மூடிக்கொள்ளும். வயர் இல்லாத மலிவு ரகம் பேட்டரி தீரும்வரை தாங்கிவிட்டு, செய்தி சொல்லாமல் அணைந்துவிடும்.

ஒரே கணினி, ஒரே ஆள், சில ஆயிரம் பில் என்று இருக்கும் கடைக்கு இது தேவையில்லை, இரண்டு யு.எஸ்.பி. டிஸ்க்கை மாற்றி மாற்றி வீட்டுக்கு எடுத்துப்போனாலே போதும். ஐந்து கணினிக்கு மேல் இருந்து, வரிக்கணக்குகளை 5 ஆண்டுக்குக் காப்பாற்ற வேண்டியவர்களுக்குச் சரியான அளவு. இப்போது கடைகளில் இதன் அடுத்த மாடலான டி.எஸ்.225+ கிடைக்கிறது. அதில் ஒரு நெட்வொர்க் துளை 2.5 கிகாபிட் வேகம். ஆனால் 2025இல் வந்த பிளஸ் மாடல்களில் சினாலஜி தன் டிஸ்க்குகளைத்தான் போட வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்து, எதிர்ப்பு வந்த பிறகு அதே ஆண்டு அக்டோபரில் பெட்டியின் இயக்க மென்பொருளான டி.எஸ்.எம். 7.3 பதிப்போடு தளர்த்தியது. புதிய மாடலை வாங்கினால், வேறு நிறுவன டிஸ்க் போடுவதற்கு முன் அந்தப் பதிப்புக்கு ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கடைக்காரரிடமே கேளுங்கள். பழைய மாடல் நல்ல விலைக்குக் கிடைத்தால் எங்களைப் போன்ற கடைக்கு அதுவே போதும்.